என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள்

பிட்ஸ்பர்க் எதற்கும் அசராத ஊர். மூன்று ஆறு, நானூற்றுச் சொச்சம் பாலம், மூடிப்போன உருக்காலைகள், சுமார் மூன்று லட்சம் ஜனம். 2006-லிருந்து இங்கே ஆன்த்ரோகான் என்றொரு மாநாடு நடக்கிறது. கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் நரியாகவும் ஓநாயாகவும் வேஷம் கட்டிக்கொண்டு நகரின் நடுவே உலாத்துவார்கள். வாலை ஒரு கையில் சுருட்டிப் பிடித்தபடி சாலையைக் கடந்த ஒரு நரிக்காக பஸ் டிரைவர் நிறுத்தி வழிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். டிரைவர் முகத்தில் சலனமே இல்லை. அப்படிப்பட்ட ஊரில், நாற்பத்தெட்டு வயதில், ஒரு இறகை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டுக்கு ஊரைக் குறைசொல்ல வழியே இல்லை.

ஆரம்பித்து வைத்தவள் மனைவி. மகனைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த சமயம். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, "ஏங்க, நாம தொட்டுக்கிட்டு எவ்வளவு நாளாச்சு?" என்றாள். நேற்றுகூட டீ டம்ளர் வாங்கும்போது கை பட்டதே என்றேன். ஒரு காலுறைக்கு ஜோடி கிடைக்கும்வரை அவள் பேசவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தாள். அடி, உதை, சாட்டை எல்லாம் கிடையாது. கண்ணைக் கட்டிக்கொள்வது, தோளிலும் முதுகிலும் படுவது இறகா, ஐஸா, வெல்வெட் துணியா என்று தோலை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது. சென்சேஷன் ப்ளே என்று பெயர். இதைப் பழகுகிறவர்கள் ஊரில் ஒரு வட்டமாகவே இருக்கிறார்கள். கயிறு, மெழுகு, பிரம்பு என்று ஆளுக்கொரு பிரியம்; பொதுவில் எல்லோரையும் கிங்க் சமூகம் என்கிறார்கள். எல்லாவற்றையும் அவள் முன்பே படித்து வைத்திருந்தாள். எனக்கு வந்த முதல் சந்தேகம் ஒழுக்கத்தைப் பற்றியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நான் கேட்டது, "பார்க்கிங் இருக்கா?"

அன்று இரவு, அவள் தூங்கிய பிறகு, இதெல்லாம் நோயா என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. இப்படி ஒரு நாட்டம் இருப்பது மட்டும் நோயில்லை. அதனால் தனக்கு மன உளைச்சலோ, அடுத்தவருக்குத் தீங்கோ இருந்தால்தான் அது கோளாறு. அந்தக் கணக்குப்படி மனைவி பரம சௌக்கியம். உளைச்சல் எனக்குத்தான். நாட்டம் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்களை நேராக உள்ளே விடுவதில்லை. முதலில் மன்ச் எனப்படும் சந்திப்புக்கு வர வேண்டும். ஏதாவது சாதாரண உணவகத்தில், சாதாரண உடையில், சாப்பிட்டுப் பேசிவிட்டுக் கலைவது. அதற்குமேல் அங்கே எதுவும் நடக்காது. 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஒரு பர்கர் கடையில் தொடங்கிய பழக்கம் என்பார்கள். இன்று அமெரிக்காவின் பல ஊர்களில் மாதாமாதம் நடக்கிறது. நான் இதைக் காதில் வாங்காமல், விசேஷத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பில் கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், அகலமான தோல் பெல்ட் என்று அலங்கரித்துக்கொண்டு போனேன். உணவகத்தின் பின்னறையில் பதினைந்து இருபது பேர். பாதிப்பேர் ஸ்டீலர்ஸ் அணியின் ஜெர்சியில் இருந்தார்கள். ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பனிக்காலத்து டயரை எப்போது மாற்றுவது என்று இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒருவர் என்னிடம் வந்து தண்ணீர் கேட்டார். என்னை அங்கே பரிமாறுபவர் என்று நினைத்துவிட்டார்.

சொந்தப் பெயர் சொல்லத் தேவையில்லை. ஒரு புனைபெயர் போதும் என்றார்கள். அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு இதில் சிரமமே இருக்கக் கூடாது. காப்பிக் கடையில் கோப்பைமேல் எழுதுவதற்கென்று நாம் எல்லோருமே ஒரு பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு 'சாம்'. தயாராகத்தான் இருந்தேன். எதிரில் இருந்தவர் கையை நீட்டி, "நான் கரடி" என்றதும், பதற்றத்தில் முழுப்பெயர், அப்பா பெயர், வேலை பார்க்கும் துறை, எந்தப் பகுதியில் வீடு என்று விசா நேர்காணலுக்குப் போனவன் ஒப்பிப்பதையெல்லாம் ஒப்பித்துவிட்டேன். கரடி சிரிக்கவில்லை. "அதையெல்லாம் நான் இப்பவே மறந்துட்டேன்" என்றார். மனைவி தன் பெயர் 'துளசி' என்றாள். எப்போது யோசித்து வைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அந்தப் பாட்டி பின்னலை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

நான் பயந்திருந்த கேள்விகளெல்லாம் வேறு. தமிழ்ச் சங்கத்தில் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது, ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். இதற்கு வைத்திருக்கவில்லை. "எனக்கு எதுவானாலும் சரிதான்" என்றேன். பாட்டி முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மரியாதையாகத்தானே சொன்னோம் என்று எனக்குக் குழப்பம்.

அடுத்து ஒரு பட்டியல் கொடுத்தார்கள். விளையாடுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதிகள்: இறகு, ஐஸ், மெழுகு, கண்கட்டு, கூச்சம் காட்டுவது என்று நீண்டு போகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: வேண்டும், வேண்டாம், பார்க்கலாம். 1983-இல் நியூயார்க்கில் தன்பால் ஈர்ப்பு ஆண்களின் அமைப்பு ஒன்றிலிருந்து 'பாதுகாப்பு, நிதானம், சம்மதம்' என்ற மூன்று சொல் விதி கிளம்பியது. முழுப் பாதுகாப்பு என்று எதுவுமே கிடையாது, ஆபத்தைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பதே சரி என்று பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். இன்றும் இந்த இரண்டு கட்சிக்கும் சண்டை உண்டு. ஆனால் சம்மதத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் மறுப்பில்லை. மனைவி சமையல் மேடையில் நின்றபடியே, குக்கர் விசில் அடிப்பதற்குள் தன் பட்டியலை முடித்துவிட்டாள். நான் என்னுடையதை எக்செல்லில் ஏற்றி, மூன்று கட்டத்துக்கும் வண்ணம் கொடுத்து, வார இறுதி முழுக்க யோசித்து நிரப்பினேன். திரை முழுக்க 'பார்க்கலாம்' நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "ஆபீஸ்ல மேனேஜருக்கு அனுப்புற ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டா இது?"

இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். பழைய ஆலைக் கட்டடத்தின் மாடியில் வகுப்பு. கைபேசியை வாசலிலேயே பையில் போட்டுவிட வேண்டும், மது கூடாது, யார் பொருளையும் கேட்காமல் தொடக் கூடாது. மூலையில் மேஜைமேல் சீஸ் துண்டுகளும் பிரெட்ஸலும் கிருமிநாசினித் துடைப்பான்களும். நர்ஸம்மா பாடம் நடத்திய விதத்தில் எனக்குக் கல்லூரி உடலியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் உணர்வு வந்து, நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். அந்த அறையில் குறிப்பெடுத்தது நான் ஒருவன்தான்.

குறிப்புகள் நன்றாகத்தான் இருந்தன. ரோமம் உள்ள தோலில், மெல்லிய வருடலுக்கு மட்டுமென்றே ஒருவகை நரம்பு இழைகள் இருக்கின்றன. கை போகும் வேகம் நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் அவை நன்றாகத் துடிக்கும். அதைவிட மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அடங்கிவிடும். ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2009-இல் இதை அளந்து காட்டினார்கள். அந்த இழைகள் துடிக்கும் அளவுக்கும் மனிதர்கள் 'இதமாக இருக்கிறது' என்று சொல்லும் அளவுக்கும் பொருத்தம் இருந்தது. இதைக் கேட்ட பொறியாளன் சும்மா இருப்பானா? நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து, மெட்ரோனோம் செயலியைக் கைபேசியில் ஓடவிட்டு, கண்ணைக் கட்டியிருந்த மனைவியின் முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இறகை நகர்த்தினேன். பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை. டிக், டிக், டிக். கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தாள். "ஏங்க, ஜெராக்ஸ் மெஷின்ல கையை வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். "காப்பி எடுத்தாச்சுன்னா சொல்லுங்க."

இறகில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அவள் வெளியே போனபோது என் கையில் நானே தடவிப் பார்த்தேன். கழுத்திலும் உள்ளங்காலிலும் சோதித்தேன். ஒன்றுமே தெரியவில்லை. பிறகு இன்னும் விலை கூடிய இறகு ஒன்று வாங்கினேன்; அதிலும் ஒன்றுமில்லை. அடுத்த வகுப்பில், இறகுகளின் தரம் குறைந்து வருவதைப் பற்றி நர்ஸம்மாவிடம் புகார் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தன்னைத் தானே கூச வைத்துக்கொள்ள முடியாது என்பதை லண்டன் ஆய்வாளர்கள் 1998-இல் மூளையைப் படமெடுத்தே விளக்கியிருக்கிறார்கள். நம் கை செய்யப் போவதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்வின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. அதை எனக்கு விளக்கிவிட்டு, "இதுக்கு ரெண்டு பேர் வேணும். அதனாலதான் நாம எல்லாரும் மாடி ஏறி வர்றோம்" என்றார்.

நம் மண்ணின் பங்களிப்பாக எதையாவது அளிக்கலாமே என்று அடுத்து ஒரு யோசனை தோன்றியது. மிளகாயின் காரமும் சுடுபொருளின் வெப்பமும் தோலில் ஒரே ஏற்பியைத்தான் திறக்கின்றன. அது ஏறக்குறைய 43 டிகிரியில் விழித்துக்கொள்ளும். மென்தால் குளிருக்கான ஏற்பியைத் திறக்கிறது. இவற்றைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூடியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். மிளகாய் வேண்டாம் என்று தீர்மானிக்கும் அளவுக்கு எனக்கு விவேகம் இருந்தது. மென்தாலுக்கு வீட்டில் பஞ்சமில்லை. ஊரிலிருந்து வந்த தலைவலித் தைலம் இரண்டு டப்பா இருந்தது. கண்ணைக் கட்டியிருந்த மனைவியின் தோளில் பட்டும் படாமலும் தடவினேன். பச்சைக் கற்பூர வாசனை அறை முழுக்கப் பரவியது. அவள் சிலிர்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "எங்க பாட்டி ஞாபகம் வந்துடுச்சுங்க" என்றாள். அதற்குப் பிறகு பாட்டியின் கடைசிக் காலம், ஆஸ்பத்திரி, பதினாறாம் நாள் காரியத்தில் சித்தப்பா போட்ட சண்டை என்று பேசிக்கொண்டே விடிந்துவிட்டது. கண்கட்டை அவிழ்க்கக்கூட இருவருக்கும் தோன்றவில்லை.

கண்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டில் வாங்கு என்றார்கள். செலவு எதற்கு என்று, தமிழ்ச் சங்கத்தில் பொருளாளர் பொறுப்பு முடிந்தபோது எனக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்துக் கட்டிவிட்டேன். ஜரிகை நெற்றியில் உறுத்தி, மறுநாள் கோடு கோடாகத் தடம். அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு மனைவி என்ன பதில் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

மெழுகில்தான் பெரிய அவமானம். எந்த மெழுகுவத்தி என்பது முக்கியம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. தேன்மெழுகு உருகவே 62 டிகிரிக்கு மேல் வேண்டும்; தோல் கொப்பளித்துவிடும். வாசனையும் சாயமும் கலந்ததையும் தொடாதே. குறைந்த சூட்டில் உருகுகிற மெழுகை, உயரத்திலிருந்து, முதலில் உன் கைமேல் விட்டுப் பார். தோலில் முன்பே எண்ணெய் தடவு. பக்கத்தில் தண்ணீர் வை. அத்தனையும் செய்தேன். எண்ணெயை மட்டும் அவள் முதுகில் தடவினேன், சோதித்துப் பார்த்த என் கையில் தடவவில்லை. ரோமத்தோடு இறுகிப்போன மெழுகை நான் பிய்த்துக்கொண்டு நின்றபோது புகை அலாரம் அலறியது. தாளிக்கும்போதெல்லாம் கழற்றி வைக்கிற அலாரம் அது. எல்லாம் பாதுகாப்பாக நடக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் நான் மறுபடி மாட்டியிருந்தேன். நாற்காலியைத் தேடி ஓடினேன். கண்ணைக் கட்டிய ஒருவரைத் தனியே விட்டுவிட்டுப் போகாதே என்பது முதல் வகுப்பின் முதல் பாடம். அலாரத்தை அடக்கிவிட்டுத் திரும்பினால் அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். "ஏங்க, இந்தச் சத்தமும் அதுல சேர்த்தியா?" என்றாள். பொன்னாடைக்குக் கீழே அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வட்டத்தில் எனக்கு ஒரு மதிப்பு கிடைத்தது என்றால் அது காவடியால். அமெரிக்காவில் உடம்பில் துளையிட்டுக்கொள்ளும் கலாசாரத்துக்கு மூலவர்களில் ஒருவர் ஃபகீர் முஸாஃபர் என்று பெயர் வைத்துக்கொண்ட வெள்ளைக்காரர். 1930-இல் பிறந்து 2018-இல் மறைந்தார். 1985-இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில், நம் தைப்பூசக் காவடியைப் பார்த்து அமைத்த வேல் கூட்டைச் சுமந்தபடி நடப்பார். அந்தப் படத்தைப் பார்த்த தலைமுறையினர் இங்கே இன்னும் உண்டு. வெண்தாடிக்காரர் ஒருவர் நான் தமிழன் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்கள் எடுத்திருக்கிறீர்களா?" என்று பணிவாகக் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். "எங்கள் பக்கத்தில் அதெல்லாம் சகஜம்" என்று தொடங்கி, அலகு, வேல், திருநீறு என்று அரைமணி நேரம் அளந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மலேசியாவில் பத்து மலைக்குத் தைப்பூசத்துக்குப் போய்வந்ததைச் சொன்னார். அங்கே ஒரு குடும்பத்தோடு படியேறியிருக்கிறார். விரத நாட்களில் என்ன சாப்பிட்டார்கள், யாருக்காக வேண்டிக்கொண்டார்கள் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "நாங்கள் செய்வது விளையாட்டு, அவர்கள் செய்வது நேர்த்திக்கடன். இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது, இல்லையா?" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னார். மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு மனைவி கையைப் பிடித்துக்கொள்கிறவன் நான் என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடவில்லை. துளசி சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரெட்ஸல் எடுக்கப் போய்விட்டாள்.

பயந்தது ஒருநாள் நடந்தது. மன்சில் பார்த்த ஒருவரைப் பொங்கல் விழாவில் சாம்பார் சாதம் வாங்கும் வரிசையில் பார்த்தேன். வெளியில் பார்த்தால் முகமறியாதவர்களாக நடந்துகொள்வதுதான் விதி. அவர் ஒழுங்காக நடந்துகொண்டார். நான்தான் தட்டோடு அவர் எதிரில் போய் நின்று விழித்தேன். சங்கச் செயலாளர், "தெரிஞ்சவரா?" என்றார். "என் பல் டாக்டர்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் வரித்துறைக் கணக்காளர். செயலாளருக்கு அப்போது கடைவாய்ப் பல்லில் வலி. ஐந்து நிமிடம் வாயைத் திறந்து காட்டினார். அந்த நல்ல மனிதர் குனிந்து பார்த்து, "சூடா எதுவும் சாப்பிடாதீங்க" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

அம்மா வந்திருந்தபோது நடந்ததிலிருந்து என்னைக் காப்பாற்ற அவரும் இல்லை. வார்டன்பர்க் சக்கரம் என்று ஒரு கருவி: சின்னக் கைப்பிடி, நுனியில் சுழலும் சக்கரம், அதன் விளிம்பு முழுக்க ஊசி முனைகள். தோலில் உணர்ச்சி எங்கே இருக்கிறது, எங்கே மரத்திருக்கிறது என்று பார்க்க நரம்பு மருத்துவர்கள் வைத்திருந்தது. அந்தப் பெயருக்குரிய ராபர்ட் வார்டன்பர்க் 1887-இல் பிறந்தவர், ஜெர்மனியில் பணியாற்றி, நாஜிகளின் காலத்தில் வெளியேறி, சான் பிரான்சிஸ்கோவில் குடியேறியவர். அழுத்தாமல் உருட்டினால் முதுகில் மழைத்தூறல் விழும். நான் கையாண்டவற்றில் மனைவி முகம் சுளிக்காதது அது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு, வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்து வைப்பேன். தீபாவளிக்கு முந்தின நாள் அதைப் பாத்திரக் கூடையில் காயவைத்துவிட்டு அலுவலகம் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. அம்மா செய்தித்தாளை விரித்து அதன்மேல் வேட்டி போட்டு, வரிசை வரிசையாகத் தட்டை தட்டி வைத்திருந்தார். தட்டை பொரியும்போது உப்பிவிடக் கூடாது என்று எப்போதும் முள்கரண்டியால் குத்துவார். அன்று கையில் சக்கரம். ஒரே இழுப்பில் நாலு தட்டைக்கு ஒரே சீராகத் துளை விழுந்துகொண்டிருந்தது. "எங்கடா வாங்கினே இதை? இத்தனை வருஷம் குத்திக் குத்தி என் விரல் போச்சு" என்றார். பீட்சா மாவுக்கானது என்றேன். மனைவி குளியலறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு சிரித்த சத்தம் குழாயைத் திறந்துவிட்டும் வெளியே கேட்டது. ஊருக்குத் திரும்பும்போது அம்மா அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். இப்போது உறையூரில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இரண்டு வேண்டுமாம். நரம்பியல் கருவியை ஒரு தெருவுக்கே தட்டை செய்ய அனுப்பிய பெருமை எனக்கு உண்டு; வேண்டாம் அம்மா, வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இப்படிச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு எதில் கோளாறு என்று புரிகிறது. இறகிலும் மெழுகிலும் நான் தோற்றது சின்ன விஷயம். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. விளையாட்டின் நடுவே சொல்வதற்கு அங்கே போக்குவரத்து விளக்கை வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் நிதானி, சிவப்பு என்றால் உடனே நிறுத்து. மஞ்சளைக் கண்டால் வேகத்தைக் கூட்டும் ஊரில் வண்டி ஓட்டக் கற்றவன் நான். என் முறை வந்தபோது மனைவி ஐஸ் எடுத்தாள். உறைபெட்டியிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே வைத்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் ஒருமுறை காட்ட வேண்டும் என்பதைக்கூட மறக்காமல் செய்தாள். முதுகுத்தண்டில் இறக்கிக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்றாள். பச்சை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். பற்கள் தந்தியடிக்க, "ப... பச்சை" என்றேன். ஐஸைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் துண்டை எடுத்துப் போர்த்தினாள். "உங்களுக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியுது. நீங்களா சொல்ல மாட்டேங்கறீங்களே, அதுதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

நர்ஸம்மா அவ்வளவு தயவு காட்டவில்லை. வகுப்பில் செய்து காட்ட ஆள் வேண்டும் என்றபோது முதலில் கையைத் தூக்கினேன். "உங்களுக்கு எதெல்லாம் வேண்டாம்?" என்று கேட்டார். எதுவும் பரவாயில்லை என்றேன். எங்கே தொடக் கூடாது? உங்கள் இஷ்டம். குளிர் பிடிக்குமா, சூடா? எனக்கு இரண்டும் ஒன்றுதான். விருந்துக்குப் போன வீட்டில் காப்பியா டீயா என்று கேட்டால் எது சுலபமோ அது என்று சொல்லி வளர்ந்தவன். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தே பழக்கம். அவர், "சரி, நீங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, காதுப்பக்கம் வரவே கூடாது, இடது தோளில் பழைய அடி, வெல்வெட் என்றால் உயிர் என்று மூச்சு விடாமல் ஒப்பித்த வேறொருவரை அழைத்துக்கொண்டார். ரொம்ப நல்லவன் என்பதற்காக ஓர் இடத்தில் நிராகரிக்கப்பட்டது எனக்கு அதுவே முதல் தடவை.

புத்தாண்டில் பட்டியலை மறுபடி எடுத்தோம். எக்செல் வேண்டாம், பேப்பரில் எழுதுங்கள் என்றாள். ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'வேண்டாம்' என்ற கட்டத்தில் முதன்முதலாக ஒன்றை எழுதினேன்: இறகு. எனக்கு இறகைக் கண்டாலே ஆகவில்லை. எழுதிய சூட்டில் உடம்பில் ஒரு தெம்பு வந்தது. அதே தெம்பில் சாப்பாட்டு மேஜையில், "உன் பாகற்காய்ப் பிட்லையும் எனக்குப் பிடிக்காது, கல்யாணமான நாள்லேர்ந்து" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, என் பேப்பரையே எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். 'வேண்டாம்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டாள். செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது. அவள் சொல்லும் கதையின் முடிவை அவளுக்கு முன்னால் சொல்லிவிடுவது. கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து காலால் பிரேக் போடுவது. விருந்தாளி முன்னால் "இவளுக்கு எதுவும் ஞாபகமிருக்காது" என்பது. பக்கம் நிரம்பி இன்னொரு தாள் எடுத்தாள். தோல் சம்பந்தப்பட்டது அதில் ஒன்றுகூட இல்லை. பிரேக் விஷயத்தில் என் பக்கத்து நியாயத்தை விளக்கலாம் என்று வாயெடுத்தேன்.

"மஞ்சள்" என்றாள், எழுதுவதை நிறுத்தாமல்.